அக்கி எழுதுதல்

2024-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் காலையில் போய் இருட்டிய பிறகு முகப்பேருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, இடுப்பின் இடப்பக்கம் இரண்டு நாளாக எரிகிறது என்றாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சிவந்த திட்டின் மேல் கொத்தாகச் சில கொப்புளங்கள். வேர்க்குருதான், பவுடர் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"இல்லடா, இது அக்கி" என்றாள் அம்மா. "ஊர்ல இருந்தா குயவர் வூட்டுக்குப் போயி எழுதிக்கிட்டு வந்துடுவேன். இங்க யாரைப் போய்த் தேடறது?"

அக்கி எழுதுவது என்றால் என்னவென்று இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். காவி மண்ணை நீர்விட்டுக் குழைத்து, கொப்புளங்கள் பரவியிருக்கும் இடத்தின் மேலும் அதைச் சுற்றியும் குயவர் பூசி எழுதுவார். சில ஊர்களில் சிங்கத்தின் உருவத்தை வரைவதும் உண்டு. மண்ணோடும் நெருப்போடும் புழங்குகிறவரின் கைக்கு உடம்பின் நெருப்பும் கட்டுப்படும் என்பது நம்பிக்கை. நான் சிரித்தேன். "இந்தக் காலத்தில் போய்…" என்று எதையோ சொன்னதாக நினைவு. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடைத்தாள்களுக்குப் போனேன். மூன்றாம் நாள் இரவு அம்மா படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். புடவையின் கொசுவம் பட்டாலே துடித்தாள். விடிந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பார்த்த மாத்திரத்தில், "அக்கிதான். எத்தனை நாள் ஆச்சு சார்?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் கொப்புளம் கண்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. வைரசைத் தடுக்கும் மாத்திரைகளை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, இனியும் கொடுப்போம், ஆனால் வலி எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை. ஒன்றரை ஆண்டு கடந்த பிறகும் அது இருக்கிறது. நரம்பு வலிக்கான மாத்திரை ஒன்றை இரவில் விழுங்கிவிட்டுத்தான் அம்மா உறங்குகிறாள்.

அன்று நான் செய்த பிழையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அம்மா இரண்டு செய்திகளைச் சொன்னாள். ஒன்று நோயின் பெயர். மற்றொன்று அதற்கான வைத்தியம். இரண்டாவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஆகவே முதலாவதையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன். முதலாவது முற்றிலும் சரியாக இருந்தது. பாட்டிகளும் தாய்மார்களும் தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துப் பெயரிட்டு வைத்த நோய் அது. தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு ஒரு சொல்லின் மதிப்பு தெரியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தமிழாசிரியனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுபத்தைந்து வயதில் அம்மாவின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை அறியாமல் இருக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றுவதன்று. சிறுவயதில் சின்னம்மையாக வந்த அதே வைரஸ்தான் அது. அம்மாவுக்கு ஏழு வயதில், 1956 வாக்கில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அம்மை வார்த்தது. வேப்பிலைப் படுக்கை, வாசலில் வேப்பங்கொத்து, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மனை அனுப்பிவைத்தது எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. ஆனால் வந்தது முழுவதுமாகப் போகவில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் போய் ஒடுங்கிக்கொண்டது. அங்கே அறுபத்தெட்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே ஒரு நரம்பின் வழியாக வெளியே வந்தது. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்வது இதனால்தான்.

இந்தத் தொடர்பைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர். பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் இருந்தவரல்லர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகக் குறித்து வைத்து, 1965-இல் கட்டுரையாக எழுதினார். வயது ஏற ஏற அக்கி மிகுகிறது. காரணம், அம்மையின் வைரசை அடக்கிவைத்திருக்கும் எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து, ஒரு நாள் தேவையான அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. ஒரு கிராமத்துப் பாட்டியின் கண்ணுக்கும் அந்த மருத்துவரின் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு குறிப்பேடு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

அடக்கிவைத்திருந்த காவலர்கள் யார்? டி அணுக்கள் என்று பெயரிடப்பட்ட வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய் அங்கே தேர்ச்சி பெற்று வெளிவருபவை. இந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் நோய்களை எதிர்க்க இயலாமல் போவதைக் கண்டு அதன் பயனை வெளிப்படுத்தினார். என் தொழிலை ஒட்டிச் சொல்வதானால் அது ஒரு கல்லூரி. கடுமையான கல்லூரி. சேர்பவர்களில் நூற்றுக்குச் சிலரே தேறி வெளியே வருகிறார்கள். கிருமியை அடையாளம் காணத் தெரியாதவர்களும் சொந்த உடம்பையே தாக்கக்கூடியவர்களும் அங்கேயே கழிக்கப்படுகிறார்கள்.

வியப்பு என்னவென்றால், இந்தக் கல்லூரி மிக விரைவில் மூடத் தொடங்கிவிடுகிறது. நாம் முதுமை என்று எண்ணும் வயதுக்கு வெகு முன்பே, பருவம் எய்திய காலத்திலிருந்தே, தைமஸ் சுருங்குகிறது. அதன் திசு இருந்த இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. அறுபது எழுபது வயதில் அங்கிருந்து வெளிவரும் புதிய அணுக்கள் மிகச் சொற்பம். எண்ணிக்கையைச் சரிக்கட்ட, முன்பே வெளியே வந்தவை திரும்பத் திரும்பப் பிளந்து பெருகுகின்றன. அப்படிப் பெருகும்போது அவற்றின் நிறத்திரிகளின் முனைகள் தேய்கின்றன. ஒரு கட்டத்தில் பெருகும் ஆற்றலையே சில அணுக்கள் இழந்துவிடுகின்றன.

இங்கே ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. டி அணுக்களில் இருவகை உண்டு. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதியவை. ஏற்கெனவே சந்தித்த ஒன்றை நினைவில் வைத்திருப்பவை. முதுமையில் குறைவது முதல் வகை. மிகுவது இரண்டாம் வகை. முதுமை என்றால் மறதி என்றே நாம் நினைக்கிறோம். இரத்தத்தில் நடப்பது வேறு. அங்கே புதியதைக் கற்கும் இடத்தைப் பழைய நினைவு பிடித்துக்கொள்கிறது. அந்த நினைவும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சைட்டோமெகலோ வைரஸ் என்ற ஒன்று பெரும்பாலான இந்தியர்களின் உடம்பில் சிறுவயதிலேயே வந்து குடியேறிவிடுகிறது. பொதுவாகத் தொந்தரவு எதுவும் தருவதில்லை. ஆயினும் நினைவு அணுக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒன்றையே காவல் காத்து நிற்கலாம். முதியவர்களிடம் அந்தப் பங்கு இன்னும் கூடுதலாக இருப்பதும் உண்டு. அம்மையின் வைரசைக் காக்க வேண்டியவையோ தளர்ந்துபோகின்றன.

புறநானூற்றின் 243-ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. கையில் தடியூன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களை மட்டுமே பேச முடிகிற ஒரு முதியவர், மரக்கிளையில் ஏறி ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த தம் இளமையை நினைக்கிறார். அந்த இளமை இப்போது எங்கே போனது என்று இரங்குகிறார். மாணவர்களுக்கு அதைக் கையறுநிலை என்றே இத்தனை ஆண்டுகளாக விளக்கி வந்தேன். இப்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. அவருடைய நினைவில் ஒரு குறையும் இல்லை. தோழியர் கை கோத்து ஆடியது, மருதமரத்தின் தாழ்ந்த கிளை, தெறித்த நீர்த்துளி என ஒன்றுகூட மங்கவில்லை. குறைந்திருப்பது மறுபடியும் மூழ்கும் வலிமை மட்டுமே. நோய் எதிர்ப்பு அணுக்களின் முதுமையும் ஏறத்தாழ இதுதான்.

டி அணுக்களோடு இது நிற்பதில்லை. எதிர்பொருளைச் சுரக்கும் பி அணுக்கள் புதிய தடுப்பூசிக்கு முன்போலச் செவிசாய்ப்பதில்லை. கிருமியை விழுங்க ஓடும் வெள்ளையணுக்கள் முதுமையிலும் வேகமாகவே ஓடுகின்றன. ஆனால் வழி தப்பி ஓடி, போகிற இடத்துத் திசுவையும் சேதப்படுத்துகின்றன. தேய்ந்த அணுக்கள் அழியாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. 2000-இல் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி இந்த நிலைக்கு, அழற்சியையும் மூப்பையும் இணைத்து ஒரு பெயர் சூட்டினார். நாம் நீறுபூத்த நெருப்பு என்று சொல்லிவிடலாம். எரிய வேண்டிய நேரத்தில் பற்றி எரியாது. அணைய வேண்டிய நேரத்தில் அணையவும் செய்யாது. கடும் நிமோனியா கண்ட முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் போவதும், மூட்டும் இரத்தக்குழாயும் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருப்பதும் ஒரே உடம்பில் நிகழ்கின்றன. வீட்டில் முதியவர் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: உடம்பு சுடவில்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. திடீர்த் தளர்ச்சியும் சாப்பாட்டில் வெறுப்பும் தடுமாற்றமும் அவர்களுக்குக் காய்ச்சலின் இடத்தில் வருபவை.

இதைப் படித்துக்கொண்டு போகையில் நம் ஊரே இரண்டு இடங்களில் எதிர்ப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றின் முதலாண்டான 2020-இல் அந்நிறுவனத்தார், சென்னையைச் சேர்ந்த 60 முதல் 80 வயது வரையிலான முதியவர்களுக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைக்குப் போடும் அதே ஊசிதான். ஒரு மாதம் கழித்து அவர்களுடைய இரத்தத்தில் நினைவு அணுக்கள் மிகுந்திருந்தன. அழற்சிப் பொருள்கள் பல குறைந்திருந்தன. முதிய உடம்புக்கும் இன்னும் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் இரத்தத்தில் மாற்றம் தெரிவது வேறு, நோயைத் தடுப்பது வேறு. பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தி 2023-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கவில்லை.

இரண்டாவது இடம் திருவள்ளூர். 1968 தொடங்கிப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அப்பகுதியில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தற்ற நீர்மம். யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகளை நம் மக்களின் உடம்பு முன்பே பழகியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு ஜீப்பில் வந்து ஊருக்கே ஊசி போட்டதை நினைவுகூர்ந்தாள். ரவிக்கையின் கையைச் சற்றே ஏற்றி இடத்தோளில் இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டினாள். இத்தனை காலம் அதைப் பார்த்திருக்கிறேன்; கேட்டதில்லை. காசநோய்க்கு ஒரு தழும்பு, அக்கிக்கு இடுப்பில் ஒரு தழும்பு, சின்னம்மைக்கு நெற்றியோரம் ஒரு குழி. நான் ஏட்டில் படித்ததெல்லாம் அவள் தோலில் முன்பே எழுதப்பட்டிருந்தது.

அக்கிக்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் பிறகுதான் அறிந்தேன். 2006-இல் அமெரிக்காவில் வந்த முதல் ஊசி அறுபது கடந்தவர்களிடம் நோயைப் பாதியாகக் குறைத்தது. எழுபது கடந்தவர்களிடம் அதனினும் குறைவாகவே பயன்பட்டது. முதிய அணுக்களை எழுப்ப அது போதவில்லை. பின்னர் வந்த ஷிங்ரிக்ஸ் என்ற ஊசியில் வைரசின் ஒரு புரதத்தோடு, எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் பொருள்களையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. எழுபது கடந்தவர்களிடமும் அது ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அக்கியைத் தடுத்ததாக 2016-இல் ஆய்வு முடிவு வந்தது. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. இரண்டு தவணை. அரசு இலவசமாகத் தரும் ஊசிகளில் அது இல்லை. கல்லூரி ஆசிரியனும் ஒரு முறை யோசித்துப் பார்க்கும் விலை. அம்மாவுக்கு அக்கி வந்தது 2024-இல். அதாவது, ஊசி கிடைத்தும் ஓராண்டு நான் அறியாமல் இருந்தேன். என் மகளின் தடுப்பூசி அட்டையை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

முகப்பேர் என்பது மகப்பேறு என்ற சொல்லின் திரிபு என்பார்கள். இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் வேண்டி இன்றும் வருகிறார்கள். இதே ஊரில்தான் மார்க்கண்டேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. என்றும் பதினாறாக இருக்க வரம் பெற்றவனின் பெயரால். இந்த இரண்டு வரங்களுக்கும் நடுவே வீட்டு வசதி வாரியம் கட்டிய தெருக்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் பாடியிலும் வேலை பார்த்துக் கடன் கட்டி இங்கே வீடு வாங்கியவர்கள் இப்போது எழுபதைக் கடந்திருக்கிறார்கள். மாலையில் பூங்காவுக்குப் போனால் பேச்செல்லாம் அயல்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும்தான். அவர்களைச் சும்மா உட்கார விடாமல் நடக்கச் சொல்கிறேன் இப்போது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காரணம். பிரிட்டனில் பல்லாண்டுகளாக மிதிவண்டி ஓட்டிவரும் 55 முதல் 79 வயது வரையிலான 125 பேரைச் சோதித்தார்கள். தைமசிலிருந்து புதிதாக வெளிவரும் அணுக்கள் அவர்களிடம் இளைஞர்களுக்கு இணையாக இருந்தன. மூடிய கல்லூரி என்று நான் எண்ணியது, அவர்களிடம் மூடவில்லை. மிதிவண்டிக்குப் பேர்போன அம்பத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை இங்கிலாந்திலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

அம்மாவும் நடக்கிறாள். வலி குறைந்த மாலைகளில் தெருமுனை வரை. மருத்துவர் சொன்னபடி, ஓராண்டு கழித்து அந்த ஊசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டாள். மறுபடியும் வராமலிருக்க. இருக்கும் வலிக்கு அதில் மருந்து இல்லை.

சென்ற மாதம் ஓர் இரவு விழித்துப் பார்த்தபோது கூடத்தில் விளக்கெரிந்தது. அம்மா இடுப்பில் துணி படாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து, "அப்பவே போய் எழுதியிருந்தா சரியாப் போயிருக்கும், இல்ல?" என்று கேட்டாள்.

காவி மண்ணைப் பற்றி நான் அவளிடம் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியில் 'அப்பவே' என்ற சொல்லுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

"ஆமாம்மா" என்றேன். "அப்பவே போயிருக்கணும்."